மரைக்காயரின் வேங்கைக் கிண்ணம்

காசிம் மரைக்காயர் எங்கள் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாகச் சாய்த்தார். உள்ளே இருந்த தண்ணீர் மணலில் விழுந்தது. விழுந்த இடம்கூடத் தெரியவில்லை.

"பாத்தியா ஆசாரி. ராத்திரி பூரா ஊறின தண்ணி. கெணத்துல மோந்த மாதிரியே இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்றைக்கு மழை வருமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. கிண்ணம் செக்கச்செவேல் என்று வெயிலில் மின்னியது. வாய் ஓரத்தில் இரண்டு மஞ்சள் கோடு. அந்தக் கோடு இரண்டும் நான் போட்டது.

என் வீட்டுக்காரர் ரயிலை விட்டு இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வலது கை வீங்கி, அதில் துணி சுற்றியிருந்தது. அவர் கிண்ணத்தைப் பார்த்தார், மரைக்காயரைப் பார்த்தார், மறுபடியும் கிண்ணத்தைப் பார்த்தார்.

"என் மரம் எங்க, ஆசாரி?" என்று கேட்டார் மரைக்காயர்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

பேர் சொல்லாத சங்கடம்

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. போன வாரம் எழுதினதை, நான் கல்யாணமாகி உச்சிப்புளியில் வந்து இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த ஒருத்தர் என் மகளிடம், உங்கள் அம்மா வீட்டுக்காரர் பேரை ஓரிடத்திலும் எழுதவில்லையே என்று கேட்டாராம். எழுதத்தான் மாட்டேன். அவர் பேரும் இராமேஸ்வரத்துப் பெரிய கோயில் சாமி பேரும் ஒன்று. அதனால் நான் கும்பிடும்போதுகூட ‘பெரிய கோயில் சாமி, காப்பாத்து’ என்றுதான் கும்பிடுவேன். சாமிக்கு ஆள் தெரியாமலா போகும்.

பெரிய சங்கடம் பஸ்ஸில்தான். எங்கள் ஜில்லாவின் பெரிய ஊருக்கும் அதே பேர். கண்டக்டரிடம் டவுனுக்கு ஒரு டிக்கெட் என்பேன். எந்த டவுன் என்று கேட்பார். இந்த பஸ் கடைசியில் போய் நிற்கிற டவுன் என்பேன். ஒரு கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "எம்பேரும் அதுதான்த்தா. எங்க வீட்டுல பஸ்ஸே ஏறுறதில்ல" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அடுத்த ஊர் வரைக்கும் நான் தலையை நிமிர்த்தவில்லை.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தங்கச்சிமடத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தேன். வாத்தியார் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், உதடு அசையும், சத்தம் வராது. நல்ல மனுசர். ‘அவ உதடு அசைஞ்சா வந்திருக்கான்னு அர்த்தம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார்.

இரண்டே இரண்டு வார்த்தை

எங்கள் வீட்டில் கடைசல் வேலை. கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பூரிக்கட்டை, வத்தைகளின் பாய்க்கயிறு ஓடுகிற கப்பி, இராமேஸ்வரம் வருகிற யாத்திரைக்காரர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிப்போகிற சொப்புச் சாமான் எல்லாம் கடைவோம். வத்தை என்றால் எங்கள் பக்கத்துப் படகு. கரண்டு எல்லாம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும்கூட வராத காலம். வெள்ளைக்காரன் போய் ஆறேழு வருசம் இருக்கும்.

தரையில் நட்ட இரண்டு குத்துக்கட்டைக்கு நடுவில் ஒரு உருளை. அதன் நுனியில் கடைய வேண்டிய மரத்தை இறுக்கியிருக்கும். உருளையில் கயிறு இரண்டு சுற்று. கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு எதிரே ஒருத்தர் உட்கார்ந்து, ஒரு பலகையில் காலை உதைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். வலது கையை இழுத்தால் மரம் உளியைப் பார்த்து வரும். இடது கையை இழுத்தால் திரும்பிப் போகும். வரும்போதுதான் உளி வெட்டும். போகும்போது உளியை ஒரு மயிரளவு விலக்கிக்கொள்ள வேண்டும். இழுக்கிறவர் மூச்சும் வெட்டுகிறவர் மூச்சும் ஒன்றாக இருந்தால்தான் மரம் வழவழப்பாக வரும். இல்லையென்றால் கோழி கொத்தின மாதிரி இருக்கும்.

கல்யாணமான மறு வாரமே கயிறு என் கைக்கு வந்துவிட்டது. அதுவரை இழுத்துக்கொண்டிருந்தது என் மாமியார். அவருடைய வீட்டுக்காரர் இருந்த காலத்திலிருந்து இழுத்து இழுத்து, அத்தையின் முன்கை இரண்டும் ஆம்பிளைக் கை மாதிரி இருக்கும். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் புருசன் பெண்டாட்டியிடம் பகலில் பேசக் கூடாது. வேலைக்காக ‘மெதுவா’, ‘வேகமா’ என்ற இரண்டு வார்த்தை மட்டும் அவர் சொல்லலாம். நான் அதுவும் சொல்லத் தேவையில்லை. ஒன்றரை வருசம் அந்த இரண்டு வார்த்தையில்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். ஒரு ‘மெதுவா’வுக்குள் எத்தனை விதம் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

பட்டறையில் வேலைக்கு ஒரு கட்டு இருந்தது. உளி ஆம்பிளையுடையது. கயிற்றை யாரும் பிடிக்கலாம். அரக்கு பொம்பளையுடையது.

சொப்புச் சாமானுக்குச் சாயம் பூச அரக்குதான். மரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது சாயம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால், தேய்கிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். அதன்மேல் தாழை மடலை மடித்து அழுத்தினால் கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும். தாழை எங்கள் கடற்கரையில் எங்கே பார்த்தாலும் கிடக்கும். அரக்குக்கு மரம் வேகமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் சூடு ஏறாது. உளிக்கு நிதானமாகச் சுற்ற வேண்டும். அரக்குப் போடும் நாளில் அத்தை கயிறு இழுப்பார், நான் குச்சி பிடிப்பேன். அத்தை இழுத்தால் புயல்தான்.

இதில் ஒரு திருட்டும் உண்டு. அத்தை வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் வர இரண்டு மணி நேரமாகும். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். நான் உளியைப் பிடிப்பேன். கழிவுத் துண்டில் பம்பரம் கடைவேன். முதலில் கடைந்தது பம்பரமா கத்தரிக்காயா என்று அவர் கேட்டார். அப்புறம் அப்புறம் நன்றாகவே சுற்றின. மற்ற பம்பரங்களோடு கலந்து அவையும் இராமேஸ்வரத்துக்குப் போய்விடும்.

அவரவர் மரம்

கடைசல் பட்டறைக்கு வருகிறவர்கள் மரத்தைத் தாங்களே கொண்டுவருவார்கள். அது எங்கள் பக்கத்து வழக்கம். தொட்டில் செய்யவேண்டுமானால் அம்மா வீட்டு வேப்பமரத்தில் ஒரு கிளை வரும். வீடு பிரித்தால் உத்தரத்தில் மிஞ்சினது கட்டில் காலாக மாறும். வேலை முடிந்தால் மீதித் துண்டை எல்லாம் கோணிச்சாக்கில் போட்டுப் பொருளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். உளி சீவின சீவல் மட்டும் பட்டறைக்கு. அது அடுப்புக்கு ஆகும்.

அதனால் கடைசல்காரனுக்கு வேலை தெரிவதைவிட மரத்தில் கை சுத்தம் முக்கியம். ‘அவன் மரத்தை மாத்துறான்’ என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும். மண்டபத்திலிருந்து கீழக்கரை வரைக்கும் ஒருத்தரும் ஒரு கட்டையை நம்பிக் கொடுக்க மாட்டார்கள்.

மரைக்காயருக்குப் பாம்பனில் வீடு. மூன்று வத்தை ஓடியது. நாலாவது வத்தையைக் கரையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு இனிப்பு நீர். அதுதான் இப்போது சர்க்கரை என்கிறார்களே, அது. வைத்தியர் ஒருத்தர், வேங்கை மரத்தில் கிண்ணம் கடைந்து ராத்திரி அதில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னாராம். வேங்கையில் ஊறின தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் நீலம் ஓடும். அந்த நிறம் வந்தால்தான் அது மருந்து. வத்தைக்கு மலையாளத்திலிருந்து வந்த வேங்கை மரத்தில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. ஒரே துண்டு. அதைத் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்து கொடுத்தார்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு வாசலில் பூவரச மரத்தடியில் அவரும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே இருந்தேன். ‘மரைக்காருக்கு ஒரு கிண்ணம்’ என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. என்ன கிண்ணம், எதற்குக் கிண்ணம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் எங்கே கேட்பது.

அரக்குப் போட்ட நாள்

ஆடி அமாவாசை வந்தது. தீர்த்தமாட வருகிற கூட்டத்துக்குச் சொப்பு நிறைய விற்கும். இரண்டு கோணி நிறைய சாமானை ரயிலில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் இராமேஸ்வரத்துக்குக் கிளம்பினார். போவதற்கு முன் கிண்ணத்தைக் கடைந்து முடித்துப் பலகைமேல் வைத்துவிட்டு, மரைக்காயர் ஆள் வந்தால் கொடுத்துவிடச் சொல்லி அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். மீதிக் கட்டையும் கோணியில் கட்டி வைத்திருந்தது, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு.

பலகைமேல் அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அரக்குப் போடாத சொப்பு பத்துப் பதினைந்து கிடந்தன. கிண்ணம் நல்ல வடிவம். பிடிக்க வாகாக இடுப்பு சிறுத்து, வாய் லேசாக விரிந்து இருந்தது. ஆனால் வெறும் பழுப்பு. மூன்று வத்தைக்காரருக்கு இப்படியா மொட்டையாகக் கொடுப்பது என்று தோன்றியது. அவசரத்தில் அரக்குப் போடச் சொல்ல மறந்திருப்பார் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

அத்தையிடம் கேட்கலாம் என்று திரும்பினேன். உதடு அசைந்திருக்கும். அத்தை கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். நான் கிண்ணத்தை உருளை நுனியிலிருந்த முளையில் மாட்டினேன். அத்தையும் இது என்னத்துக்கு என்று கேட்கவில்லை. இழுத்தார்.

அன்றைக்கு வந்த மாதிரி அரக்கு எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. வெளியே சிவப்பு. வாயில் இரண்டு மஞ்சள் கோடு. அதோடு விட்டேனா. சொப்புக்கெல்லாம் உள்பக்கம் பூசுவதில்லை, இதற்குப் பூசினேன். தாழை மடலை ஒரு குச்சியில் சுற்றி உள்ளே விட்டு, அடி வரைக்கும் மெருகேற்றினேன். உள்ளே எட்டிப் பார்த்தால் என் மூக்கு தெரிந்தது. கிண்ணம் கடைந்த சீவலை அன்று காலையிலேயே அடுப்பில் வைத்துக் கஞ்சி காய்ச்சியாகிவிட்டது. மறுநாள் மரைக்காயர் ஆள் வந்து கிண்ணத்தையும் கோணியையும் வாங்கிக்கொண்டு போனான்.

அரக்குப் பூசின மரத்துக்குள் தண்ணீர் போகாது. தண்ணீருக்குள்ளும் மரம் வராது. மூன்று ராத்திரி மரைக்காயர் தண்ணீர் ஊற்றி வைத்தார். மூன்று காலையும் அது வெறும் தண்ணீராகவே இருந்தது.

மரம் எங்கே

இப்போது வாசலுக்கு வரலாம்.

என் வீட்டுக்காரருக்கு வீங்கின கையோடுதான் இந்தப் பஞ்சாயத்து. சாமான் விற்று முடிந்ததும் தனுஷ்கோடியில் ஒரு கூட்டாளி வலை இழுக்கக் கூப்பிட்டாராம். இழுத்த வலையில் கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. "மீனு வாங்கியாடான்னா, மீனுகிட்ட குத்து வாங்கிட்டு வந்துருக்கான்" என்று அத்தை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மரைக்காயர் வந்து நின்றார்.

அவர் நினைத்ததும் நியாயம்தான். அவர் கொடுத்தது வேங்கை. வந்தது சிவப்புச் சாயம் பூசின ஒரு கிண்ணம். உள்ளே என்ன மரம் என்று பார்க்கவே முடியாதபடி உள்ளும் வெளியும் அடைத்திருக்கிறது. தண்ணீரும் நிறம் மாறவில்லை. வேங்கையை எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு கட்டையைக் கடைந்து சாயத்தால் மூடிவிட்டான் என்று யாருக்கும் தோன்றும்.

என் வீட்டுக்காரர் ஒரு ஆணியால் கிண்ணத்தின் அடியைச் சுரண்டினார். உள்ளே பழுப்புச் சிவப்பாக மரம் தெரிந்தது. அதைக் காட்டினார்.

"செவப்பு மரம் ஆயிரம் இருக்கு" என்றார் மரைக்காயர். "தண்ணி சொல்லட்டும். நீ சொல்ல வேணாம்."

மறுநாள் காலையில் அவருக்குத் தனுஷ்கோடியில் கப்பல். கொழும்புக்குப் போனால் திரும்பிவர மூன்று மாதம் ஆகும். இன்னொரு வேங்கைத் துண்டுக்கு எங்கே போவது. கிண்ணமில்லாமல் போகிறோமே என்பதைவிட, இருபது வருசமாக வருகிற பட்டறையில் இப்படி ஆகிவிட்டதே என்பதுதான் அவருக்கு வலித்தது என்று நினைக்கிறேன்.

அரக்கு யார் பூசியது என்று என் வீட்டுக்காரருக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. சும்மா நின்றார். சும்மா நிற்கிறவனைத்தான் திருடன் என்பார்கள்.

நான் கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. மரைக்காயரின் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"அரக்கு நான் பூசினது. மருந்துக் கிண்ணம்னு தெரியாது. அவுக ஊர்லயே இல்ல. உள்ள இருக்கறது உங்க மரந்தான்."

இவ்வளவு நீளமாக நான் பேசினது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

மரைக்காயர் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் பூசிருக்க மகளே" என்றார். "பூசாம இருந்திருக்கலாம்."

கயிற்றில் அத்தை

உள்பக்கத்து அரக்கைக் கடைந்து எடுத்துவிட்டால் தண்ணீர் மரத்தைத் தொடும். ஆனால் மருந்து இறங்க வேண்டும் என்று கிண்ணத்தின் சுவரை என் வீட்டுக்காரர் ஏற்கெனவே மெல்லிசாகக் கடைந்திருந்தார். இன்னும் ஒரு நகத்தளவுதான் எடுக்கலாம். கொஞ்சம் கூடினால் உளி வெளியே எட்டிப் பார்த்துவிடும். இருப்பதோ ஒரே கிண்ணம்.

அவர் உளியை எடுக்கப் போனார். வீங்கின கை மடங்கவில்லை. இடது கையால் பிடித்துப் பார்த்தார். உளி கீழே விழுந்தது. கயிறு இழுக்கவும் இரண்டு கை வேண்டும்.

பிறகு அவர் அத்தையைப் பார்க்காமலே சொன்னார், இவள் உளி பிடிப்பாள் என்று.

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். அத்தை முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தெரியும்டா. மூணு மாசமா வெள்ளிக்கிழமை பம்பரம் மட்டும் கழுத்து தடிச்சு வருது. நான் பெத்த கை எது, வந்த கை எதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்."

சொல்லிவிட்டுப் போய்க் கயிறு இழுக்கிற இடத்தில் உட்கார்ந்தார்.

குங்கிலியத்தை உருக்கி, கிண்ணத்தின் அடியை முளையில் ஒட்டினோம். வளைந்த உளியை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். மரைக்காயர் வாசலில் கிடந்த மரக்கட்டைமேல் உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். தொதல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சொட்டுகிற தொதல். அத்தை அதைப் பார்த்துவிட்டார்.

"மரைக்காரே, பாதி வைத்தியம்தான் கிண்ணம் பாக்கும். மிச்சத்த நீங்க பாக்கணும்."

"கவலைக்குத் திங்கிறேன்த்தா" என்றார் அவர்.

முதல் இழுப்பில் சிவப்பு அரக்கு பொடிப்பொடியாகத் தெறித்தது. நாலைந்து இழுப்பில் உள்ளே பழுப்பு தெரிந்தது. மெல்லிய சீவல் சுருண்டு சுருண்டு என் மடியில் விழுந்தது. என் வீட்டுக்காரர் இடது கையால் அதை அள்ளி, அரக்குப் பொடியை ஊதிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தார்.

வாய்ப்பக்கம் முடிந்து உளி உள்ளே இறங்கியது. இடுப்பு சிறுத்த இடம்தான் சிக்கல். அங்கேதான் சுவர் மெல்லிசு. அத்தைக்குக் கை சூடேறிவிட்டது. அரக்குக்கு இழுக்கிற பழக்கம். இழுப்பு கூடிக்கொண்டே போனது. உளி வாய் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. மரம் வருகிறதா போகிறதா என்றே என் கைக்குத் தெரியவில்லை.

மெதுவா என்று சொன்னேன். என் காதுக்கே கேட்கவில்லை.

மறுபடியும் சொன்னேன். உதடுதான் அசைந்தது. எதிரே அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். மாமியாரைப் பார்த்து மருமகள் சொல்லக்கூடிய வார்த்தையா அது. அது என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்கிற வார்த்தை. உளி ஒரு தடவை துள்ளியது. சுவருக்குள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது.

"அத்த, மெதுவா."

பட்டறையைத் தாண்டிப் பூவரச மரத்திலிருந்த காக்கை பறந்தது என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு சொல்லிச் சிரிப்பார். காக்கை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கயிறு நின்றுவிட்டது. அது தெரியும். மரைக்காயர் வாயில் தொதலோடு அப்படியே இருந்தார். அத்தை என்னைப் பார்த்தார். நான் உளி வாயைப் பார்த்தேன்.

பிறகு கயிறு அசைந்தது. மெதுவாக. ஒரு மூச்சுக்கு ஒரு இழுப்பு. அத்தைக்கு அப்படியும் இழுக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உளியை விலக்குகிற நேரத்துக்குக் கை தானாக விலகியது. அடி வரைக்கும் போய்ச் சேர்ந்தேன்.

முளையிலிருந்து கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார் என் வீட்டுக்காரர். இடுப்பில் ஒரு மயிரளவு கீறல் உள்பக்கம் இருந்தது. வெளியே வரவில்லை. வெளிப்பக்கத்து அரக்கு அதை இறுக்கிப் பிடித்திருந்தது. தண்ணீர் ஊற்றினோம். சொட்டவில்லை.

செம்பு

செம்பை எடுத்து மரைக்காயர் கையில் கொடுத்தார்கள். அவர் அவசரப்படவில்லை. எழுந்து வெயிலுக்குப் போய், தண்ணீரைக் கிண்ணத்துக்கு மாற்றாமல் தன் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். தேத்தண்ணி நிறம். கையைச் சாய்த்தார். விரல் ஓரத்தில் நீலம் ஓடியது. கடலுக்குள் இருந்து பார்த்தால் தெரிகிற நீலம்.

எல்லோரும் குனிந்து அவர் கையைப் பார்த்தோம். நானும்தான்.

"ஆசாரி, நான் கேட்ட கேள்விய நானே திருப்பி எடுத்துக்கிடுதேன்" என்றார்.

"அது எங்க காதுக்கு வந்தாத்தான திருப்பி எடுக்க, மொதலாளி" என்றார் என் வீட்டுக்காரர்.

உள்ளே பழுப்பும் வெளியே சிவப்புமாக அந்தக் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டார். மீதித் தொதலை அத்தையிடம் நீட்டினார். அத்தை, கப்பல் ஏறுகிற வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். குடையை விரித்துக்கொண்டு அவர் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். என் மடியில் மிஞ்சியிருந்த வேங்கைச் சீவலையும் கேட்டு வாங்கிப் போனார். வழக்கப்படி அது பட்டறைக்குச் சேர வேண்டியது.

அவர் தலை மறைந்ததும் நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். அத்தை பின்னாலேயே வந்தார். கை கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினார்.

"ஏத்தா, முன்னாடி ரெண்டு தடவை நீ உதட்டுக்குள்ள சொன்னதும் எனக்குத் தெரிஞ்சுது. உதட்டுக்குள்ள சொல்றதுக்கெல்லாம் என் கை நிக்காது."

நான் அடுப்பை ஊதினேன்.

மறுநாள் காலையில் மீதிச் சொப்புக்கு அரக்குப் போட உட்கார்ந்தோம். நான் சிவப்புக் குச்சியை எடுத்தேன். அத்தை கயிற்றின் இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டார். இழுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேகமா" என்றேன்.

இழுத்தார்.